வரிசையின் கடைசியில் நின்றவள்

1

பினாங்கில் நம்முடைய சாமிப் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் ஒரு சீனர் என்று சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். ஜெலுத்தோங்கில், நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால், மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறைகளுக்கு நடுவில் அவருடைய கடை. முருகனும் மாரியம்மனும் லட்சுமியும் சுவரில் சாய்ந்தபடி முறை காத்திருப்பார்கள். அவர் அரைக்கால் சட்டையோடு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஆணி அடிப்பார். அந்தக் கடையில்தான் என் படம் வெட்டுப்பட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணமாகி நான் இந்தத் தீவுக்கு வந்து இந்த வருடத்தோடு இருபத்தைந்து வருடங்கள் ஆகின்றன. துறைமுகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாண நாளன்று காலை பேப்பரை விட்டுத் தலையை எடுக்காமல், "இருபத்தஞ்சு வருசமா திட்டு வாங்கிட்டேன், இன்னிக்காவது பாயசம் வை லா" என்றார், இந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு ஒட்டவைக்கும் 'லா'வோடு. பாயசம் வைத்தேன். வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்கா, சண்டையில் தரைவழி அடைபட்டதால், கிளாலிக் கடலைப் படகில் கடந்து கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டாளாம். விசா கிடைத்ததும் என்னிடம் வருகிறாள். ஒரு மாதம்.

பாயசம் அடிப்பிடித்துவிட்டது. அவர் அதையே இரண்டு தம்ளர் குடித்தார்.

2

படம் என்றேனே, அது சாமிப் படம் அல்ல. ஐரோப்பாவில் எங்கோ நூற்றைம்பது, இருநூறு வருடங்களுக்கு முன் யாரோ வரைந்த ஓவியத்தின் அச்சுப் பிரதி. கெட்டி அட்டையில் ஒட்டியிருக்கும். வரைந்தவரின் பெயர் கீழே இருந்திருக்க வேண்டும். எங்கள் கைக்கு வரும்போதே அந்த மூலையைப் பூச்சி தின்றிருந்தது. மேட்டின் உச்சியில் பாதி இடிந்த கற்கோயில். இரண்டு பக்கமும் இலை உதிர்ந்த பெரிய மரங்கள். பாதிக்கு மேல் வானம்தான். மேகத்தைப் பிளந்துகொண்டு வெளிச்சம் கோயில் மேல் விழுகிறது. அந்தக் காலத்து ஓவியர்கள் இப்படித்தான் வானத்தைப் பெரிதாகவும் மனிதரைச் சிறிதாகவும் போடுவார்கள், அதற்கு ரொமாண்டிக் காலம் என்று பெயர் என்று என் மகன் ஒருமுறை சொன்னான். எனக்குத் தெரிந்த ரொமாண்டிக்கில் ஆட்கள் மரத்தைச் சுற்றி ஓடுவார்கள். இதில் யாரும் ஓடவில்லை. கறுப்பு அங்கி போட்ட கிழப் பாதிரியார் ஒருவர் கைத்தடியோடு நடுவில் ஏறிப் போகிறார். அவருக்கு இரண்டு பக்கமும் இளம் பாதிரிமார். பின்னால் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துப் பிள்ளைகள். எல்லோரும் கோயிலைப் பார்த்தபடி நடக்கிறார்கள், நமக்கு முதுகுதான் தெரியும். வரிசையின் கடைசியில், படத்தின் இடது ஓரத்தில், ஜோடி இல்லாமல் ஒரு சிறுமி. அவள் மட்டும் திரும்பி நம்மைப் பார்க்கிறாள்.

நானும் அக்காவும் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில், தலைமையாசிரியையின் அறையில் அது தொங்கியது. புதன்கிழமை காலையில் எங்கள் பாதிரியாரும் அப்படித்தான் எங்களை வரிசையாகத் தேவாலயத்துக்குக் கூட்டிப் போவார். சைவப் பிள்ளைகளும் போக வேண்டும், ஆனால் வரிசையின் பின்பாதியில். தேவாலய வாசலில் சட்டை ஓரத்தால் திருநீற்றைத் துடைப்போம். திரும்பி வந்ததும் பென்சில் பெட்டியில் மடித்து வைத்த பொட்டலத்தைப் பிரித்து மறுபடி பூசிக்கொள்வோம். இது பாதிரியாருக்கும் தெரியும், எங்கள் அப்பாவுக்கும் தெரியும். தேர்த் திருவிழாவில் இருவரும் சந்தித்தால் மழையைப் பற்றித்தான் பேசிக்கொள்வார்கள்.

எனக்கு நடை மெது. வேலியில் ஓணான் இருந்தால் நின்றுவிடுவேன், மாங்காய் விழுந்து கிடந்தால் குனிந்துவிடுவேன். அக்கா பெரிய வகுப்பு. அவள் தன் ஜோடியின் கையை விட்டுவிட்டு, வரிசையின் கடைசிக்கு வந்து, திரும்பி நின்று, நான் வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள். இதற்காக ஒவ்வொரு புதனும் அவளுக்கு ஏச்சு விழும். ஏச்சு வாங்கியபடியே கையை நீட்டுவாள். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வேன்.

ஒருநாள் தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே நின்றபோது அந்தப் படத்தைக் காட்டி அக்கா சொன்னாள்: "கடைசியில நிக்கிறது நான்தான்."

"அப்ப நான் எங்கை?"

"நீ இன்னும் படத்துக்குள்ள வரேல்லை. அதுதான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

பள்ளிக்கூடத்தை மிஷனிடமிருந்து அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது பழைய சாமான்களை எல்லாம் ஒரு கொட்டிலில் போட்டார்கள். அதற்குள் அக்கா அங்கேயே ஆசிரியை ஆகியிருந்தாள். படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் கொழும்பில் கப்பல் ஏறிய அன்று பழைய சேலை ஒன்றில் சுற்றி என் கையில் தந்தாள். மூன்று வருடத்தில் வந்துவிடுவேன் என்றேன். "வா. நீ வாற வரைக்கும் இவள் திரும்பிப் பாத்துக்கொண்டுதான் நிப்பாள்" என்றாள்.

3

மூன்று வருடத்தில் போகவில்லை. முதலில் மகன் குமரன் வயிற்றில் இருந்தான். பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார். அதற்கும் பிறகு ஊருக்குப் போவதென்றால் போய்த் திரும்ப முடியுமா என்று எல்லோரும் கேட்கும் காலம் வந்துவிட்டது. அப்பா போனதும் அம்மா போனதும் எனக்குத் தபாலில்தான் வந்தன. யாரையும் குறை சொல்ல முடியாது. நாள் நாளாகத்தான் போனது. இருபத்தைந்து வருடம் போகிறது என்று ஒருநாளும் யாரும் மணி அடித்துச் சொல்லவில்லை.

என் தமிழும் மெல்ல மெல்ல இந்த ஊர்த் தமிழாகிவிட்டது. வந்த புதிதில் நான், பேச வேண்டும் என்பதற்கு, "கதைக்க வேணும்" என்றால் பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்து கதை கேட்கத் தயாராகிவிடுவார். இப்போது நானே சந்தையைப் பாசார் என்கிறேன், காரைக் கெரெத்தா என்கிறேன். ஒருமுறை அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், வாரத்துக்கு மூன்று தரம் பாசாருக்குப் போகிறேன், பாசாரில் நல்ல கூட்டம் என்று எழுதிவிட்டேன். "ஆரடி அந்தப் பாசார்? கிழமைக்கு மூண்டு தரம் அவையின்ர வீட்டை போறாய். நல்ல சனமோ?" என்று பதில் வந்தது. நானும் அவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எனக்கு ஒருமாதிரி இருந்தது. என் அக்காவுக்கே நான் விளக்கம் எழுத வேண்டிய ஆளாகிவிட்டேன்.

படம் கூடத்தில், முருகனுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கியது. கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தால் அதைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறிவிட்டோம் என்று கொஞ்ச நாள் ஒரு பேச்சு ஓடியது. நான் பதில் சொல்லப் போகவில்லை. குமரனுக்குச் சோறு ஊட்டும்போது அந்தப் படத்தடியில் நின்றுதான் ஊட்டுவேன். யார் அது? பெரியம்மா. பெரியம்மா ஏன் திரும்பிப் பார்க்கிறாங்க? அம்மா இன்னும் வரலையே, அதுக்குத்தான். அடுத்த வாய். அவனுக்கு அந்தக் கதை மனப்பாடம். நான் ஒரு சொல்லை விட்டால் அவன் எடுத்துக் கொடுப்பான்.

இப்போது அவன் பாயான் பாருவில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் எஞ்சினியர். நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான், கேட்டதை வாங்கித் தருவான். என்னோடு தமிழில் பேசுவான், ஆனால் தொலைபேசியில் பேசுவது போலச் சுருக்கமாக. ஒரு சொல் வராவிட்டால் கொஞ்சம் தேடுவான், பிறகு சிரித்துவிட்டு விட்டுவிடுவான். அவன் விட்ட சொற்களை எல்லாம் நான் எங்கே போய்ப் பொறுக்குவது?

4

அக்காவுக்கு விசா எடுக்க நானும் அவரும் குடிநுழைவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் மரியாதையானவள். ஆனால் கேள்விகளை ஒன்று விடாமல் கேட்டாள். உங்கள் அக்கா எதற்கு வருகிறார்? என்னைப் பார்க்க. வேறு வேலை இல்லையா? இல்லை. திரும்பிப் போய்விடுவாரா? போய்விடுவார். நிச்சயமாகவா?

அங்கே குண்டு விழுகிறது என்று பேப்பரில் வருவதை அவளும் படித்திருப்பாள். நான் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர்தான் என் முழங்கையை இடித்தார். அக்கா ஒரு மாதத்தில் அங்கேயே திரும்பிப் போய்விடுவாள், அதற்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டேன். கூடப் பிறந்தவளை நெருப்புக்குள் திருப்பி அனுப்புகிறேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் அவளைப் பார்க்க விடுவார்கள். வெளியே வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோது அவர் எனக்குச் சேர்த்து இரண்டு வடை வாங்கினார். என் வடையும் அவருக்கே போனது.

அதற்குப் பிறகுதான் படத்தைக் கழற்றினேன். சட்டத்தைக் கறையான் அரித்திருந்தது, தொட்டால் உதிர்ந்தது. நல்லவேளை, அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா வருவதற்குள் புதுச் சட்டம் போட வேண்டும். வந்ததும் அவள் முதலில் தேடப்போவது அதைத்தான். கடிதத்துக்குக் கடிதம் அவள் கேட்பது, "எங்கட ஆள் சுகமோ? இன்னும் நிக்கிறாளோ?" என்றுதான்.

"நான் குடுத்துட்டு வந்துர்றேன்மா, பின்னாடி கடைதானே" என்று குமரன் எடுத்துக்கொண்டு போனான். படிக்கட்டில் ஏறி இறங்க எனக்கு முழங்கால் வலி என்று அவனுக்குத் தெரியும்.

5

அடுத்த ஞாயிறு அவனே போய் வாங்கி வந்தான். காகிதத்தைப் பிரித்து, முருகனுக்குப் பக்கத்தில் மாட்டி, வயரைச் சொருகி, "இப்ப பாருங்கம்மா" என்றான்.

சட்டத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்ன விளக்குகள் மினுக்மினுக்கென்று எரிந்தன. கீழே ஊதுபத்தி சொருக ஒரு தகரக் குழாய். நடுவில், ஐரோப்பிய மேட்டில், தடியை ஊன்றியபடி கிழப் பாதிரியார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே இடது ஓரத்தைப் பார்த்தேன்.

அங்கே யாரும் இல்லை. வரிசை ஒரு ஜோடியோடு முடிந்திருந்தது. அதற்கு அடுத்தது சட்டம்.

"எங்கடா அவ?"

"யாரு?"

"கடைசியா நின்ன பொண்ணு!"

அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கடைசில ஒரு பொண்ணு இருந்துச்சா?" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. படம் வெட்டுப்பட்டதைவிட அதுதான் எனக்கு வலித்தது. அந்தப் பெண்ணைக் காட்டிக் காட்டித்தானே இவனை வளர்த்தேன். அவன் முகம் வாடிப்போனது. "முருகன் சைஸ்லயே பண்ணுங்கன்னு சொன்னேன்மா. ரெண்டும் பக்கத்துல இருந்தா அழகா இருக்கும்னு நெனச்சேன்" என்றான். அவன் ஆசையாகத்தான் செய்தான். நான் திட்டவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வலியோடு, படியிறங்கிக் கடைக்குப் போனேன்.

சீனருக்கு என்னைத் தெரியும். "என்னா அக்கா, லைட்டு எரியலயா?" என்றார். தமிழ் அவருக்குச் சரளமாக வரும், சாமிப் படத் தொழில் கற்றுக்கொடுத்த தமிழ்.

"ஏன் வெட்டினீங்க?"

"சாமி படத்துக்கு பிரேம் எல்லாம் ஒரே சைஸ் லா. ஆனா நான் பாத்துதான் வெட்டுவேன். சாமி நடுவுல வரணும். தலை வெட்டக் கூடாது, கால் வெட்டக் கூடாது, வெட்டினா பாவம். உங்க சாமிக்கு ஒண்ணும் வெட்டல. கம்பு கூட முழுசா இருக்கு."

"அது சாமி இல்ல. அது பாதிரியார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கையில கம்பு வச்சிருக்கு, தலை நரைச்சிருக்கு, பின்னாடி ஆளுங்க வருது, மேல வெளிச்சம் வருது. நான் சாமின்னு நெனச்சேன்" என்றார். இத்தனை வருடம் தமிழ் வீட்டுப் படம் ஒன்றுகூடச் சாமி இல்லாமல் அவரிடம் வந்ததில்லை போலும். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆத்திரமாக இருந்தது. கோபப்பட ஒரு ஆளாவது கிடைத்திருக்கலாம்.

"ஓரத்துல ஒரு பொண்ணு இருந்தாளே?"

"ஆமா, ஒரு பாப்பா. அது சாமி இல்லையே லா."

வெட்டிய துண்டு எங்கே என்று கேட்டேன். குப்பையில் போடவில்லையாம். பழங்காலத்துக் கெட்டி அட்டை, வீணாக்க மனம் வராது. படம் சட்டத்துக்குள் ஆடாமல் இருக்கப் பின்னால் அப்படிப்பட்ட துண்டை வைத்து ஆணி அடிப்பது அவர் வழக்கம். அன்றைக்கு அவர் முடித்த பெரிய படம் ஒன்றே ஒன்று. கடலுக்கு அந்தப் பக்கம் தாசேக் கெலுகோரிலிருந்து வந்த லெட்சுமி என்ற அம்மாவின் மாரியம்மன் படம். சீனருடைய தம்பிதான் வேனில் கொண்டுபோய் அங்கே மாட்டிவிட்டு வந்தானாம். அவனிடம் வழி கேட்டுச் சொன்னார்.

6

அக்காவின் விமானத்துக்குச் சில நாட்களே இருந்தன. குமரன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தான். வழியில் அந்தப் பெண்ணின் கதையை மறுபடி சொன்னேன். புதன்கிழமை, பாதிரியார், ஓணான், அக்கா எல்லாம். அவன் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டான். "கொஞ்சம் கொஞ்சம் ஞாபகம் வருதுமா" என்றான். என் மனம் நோகக் கூடாதென்று சொன்னானோ, உண்மையோ தெரியாது.

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் ஓரத்தில் பலகை வீடு. லெட்சுமி அக்காவுக்கு என் வயது இருக்கும். யார் என்று கேட்பதற்கு முன்பே உட்காரச் சொல்லிக் குடிக்க மைலோ கலக்கிவிட்டார். மாரியம்மன் நடு வீட்டில் இருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அரளிமாலை அன்றைக்குப் போட்டது. நான் விஷயத்தைச் சொன்னேன். படத்தை இறக்கி, பின்பக்க ஆணியைக் கழற்றி, ஒரு துண்டு அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, அப்படியே மாட்டித் தருகிறோம் என்றேன். குமரன் திருப்புளியும் குறடும் கொண்டு வந்திருந்தான்.

லெட்சுமி அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"எறக்க முடியாதே அக்கா" என்றார். "எம் மக வீட்ட விட்டுப் போய்ட்டா. எங்க இருக்கான்னு தெரியல. அப்பாவோட சண்டை, சின்ன விசயம்தான். அவ வாசப்படி ஏறுற வரைக்கும் அம்மன எறக்க மாட்டேன், வெளக்கணைக்க மாட்டேன்னு வேண்டிக்கிட்டுதான் இந்தப் படத்த மாட்டுனேன்."

குமரன் குறடைப் பைக்குள் வைத்துவிட்டான். எனக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. என் அக்கா இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு வருகிறாள், அவளுக்குக் காட்ட வேண்டியது அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. கேட்டுப் பார்க்கலாம், கெஞ்சலாம், பரிகாரம் செய்யலாம் என்று சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. அப்போது அவர் கேட்டார்.

"அந்தத் துண்டுல என்னா இருக்கு அக்கா?"

"ஒரு சின்னப் பொண்ணு. பின்னால வர்றவளுக்காக நின்னு பாத்துக்கிட்டு இருப்பா."

லெட்சுமி அக்கா அம்மனைப் பார்த்தார். அரளிமாலையை நேராக்கினார். பிறகு, "இருக்கட்டும் அக்கா, அவளும் சேர்ந்து பாக்கட்டும்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. மகள் வந்ததும் முதல் வேலையாகத் துண்டை எடுத்து அனுப்புகிறேன் என்று எங்கள் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். இதுவரை அழைப்பு இல்லை. தொலைபேசி அடித்தால் அது லெட்சுமி அக்காவாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன். துண்டுக்காக மட்டும் இல்லை.

7

அக்கா வந்தாள். விமான நிலையத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நான்தான் கூப்பிட்டேன். இரண்டு பேரும் கிழவிகள் ஆகிவிட்டோம், அதை ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் கொண்டு வந்த பெட்டியில் எனக்காகப் பனங்கட்டியும், காய்ந்த பனங்கிழங்கான ஒடியலும் இருந்தன. தனக்கென்று இரண்டு சேலை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதையும், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வருவதையும் முதல் நாள் நின்று பார்த்தாள். தலைக்கு மேல் விமானம் போனால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துவிடுவாள். பாயான் லெப்பாஸ் விமான நிலையம் எங்களுக்குக் கிட்டத்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழும்புவாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குமரன் அவளோடு உட்கார்ந்து பேசினான். அவன் சொல் தேடித் திணறினால் அவள் எடுத்துக் கொடுத்தாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

படத்தை நான் மறைக்கவில்லை. விளக்கு வயரை மட்டும் பிடுங்கி வைத்தேன். அவள் கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டும் என்று எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. கூடத்தில் நடந்து போவாள், முருகனைக் கும்பிடுவாள், பக்கத்தில் இருப்பதைப் பார்க்காதவள் மாதிரி வந்துவிடுவாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைக் காணவில்லையே என்று பார்த்தால், படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"உள்ள போயிட்டாள் போல" என்றாள்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கறையான், சீனர், முருகன் சைஸ், மாரியம்மன், லெட்சுமி அக்காவின் மகள். விளக்கைப் போட்டுக் காட்டச் சொன்னாள். பாதிரியாரைச் சுற்றிச் சிவப்பும் பச்சையும் எரிந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எங்கட பாதிரியார் இதைக் காணாமல் போய்ச் சேந்திட்டார்" என்றாள். சிரிப்பு அடங்கியதும் இடது ஓரத்தைத் தொட்டாள்.

"நீ ஆயிரம் காரணம் சொல்லு. அவள் போயிட்டாளடி. எவ்வளவு காலம் நிண்டு பாத்தாள். எல்லாரும் உள்ள போனாப் பிறகு ஒருத்தி மட்டும் வெளியில நிண்டு என்ன செய்யிறது?"

"அக்கா, நான் வரக்கூடாது எண்டு இருக்கேல்லை."

"அது எனக்குத் தெரியாதே? நீ மெதுவாய் நடக்கிறவள்" என்றாள். ஏச்சாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் என் தலையைத் தடவுவது போலத்தான் சொன்னாள். அதைவிட அவள் என்னை ஏசியிருக்கலாம்.

அன்று மாலை அவளை இங்கேயே இருந்துவிடச் சொன்னேன். கையெழுத்துப் போட்டது நான்தான், என்ன தண்டனை என்றாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். என் கணவர், கடைசித் தம்பிடி வரைக்கும் சட்டம் பார்க்கிற மனிதர், அவர்கூட, "இருங்க அக்கா, பாத்துக்கலாம் லா" என்றார். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவளுடைய வகுப்பு இப்போது ஒரு மாமரத்தடியில் நடக்கிறதாம். விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை வரிசையாகப் பதுங்குகுழிக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த வரிசைக்குக் கடைசியில் ஒரு ஆள் நிற்க வேண்டாமா என்று கேட்டாள்.

8

போன வெள்ளிக்கிழமை அவளை விமானம் ஏற்றினோம். பெட்டி நிறைய அவள் கேட்டது கரும்பலகையில் எழுத வெள்ளைக் கட்டியும் பென்சிலும்தான். சேலை வேண்டாம் என்றுவிட்டாள்.

உள்ளே போகிற வாசலில் வரிசை நின்றது. ஆட்கள் முட்டி மோதியதில் ஒதுங்கி ஒதுங்கி, அக்கா கடைசியில் நின்றாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நானும் குமரனும் நின்றோம். வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற குடும்பத்தின் ஆள் வரிசையிலிருந்து திரும்பிக் கையசைத்தார். அவருக்குப் பின்னால் போன பையன் திரும்பினான். அதற்குப் பிறகு ஒரு அம்மா. எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

அக்கா வாசலுக்கு வந்தாள். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். நான் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் திரும்பியதும் அசைக்க வேண்டும் என்று. அவள் காகிதத்தைக் காட்டினாள், வாசல் காவலர்கள் தலையாட்டினார்கள், நேராக உள்ளே போனாள். அவளுடைய முதுகைத்தான் பார்த்தேன். வெள்ளைப் பின்னல் முடிச்சு, சாம்பல் நிறச் சேலை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தூக்கிய கையை எப்போது இறக்கினேன் என்று நினைவில்லை. குமரன் பார்க்கிங் நேரம் முடிகிறது என்று சொன்னது காதில் விழுந்தது. நடக்கத் தொடங்கினேன். அந்த முழங்காலோடு நான் எங்கே வேகமாக நடப்பது? அவன் நெடுந்தூரம் முன்னால் போய்விட்டான். கூட்டத்துக்கு அப்பால், வெளிவாசல் ஓரத்தில், கையில் கார்ச் சாவியோடு நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.